பரணிலிருந்து விழுந்த பாட்டில்

கொள்ளேகாலிலிருந்து மாதேஸ்வரன் மலைக்குப் போகிற பேருந்து ஹனூர் வழியாகத்தான் போகும். கொள்ளேகாலிலிருந்து ஏறக்குறைய 25 கிலோமீட்டர் தூரம். முன்பு ஹனூர் மைசூர் மாவட்டத்தில் இருந்தது. 1997-இல் சாமராஜநகர் மாவட்டம் பிரிந்தபோது அதில் சேர்ந்தது. அதற்கும் முன்னால், 1956 வரை, இந்தக் கொள்ளேகால் பகுதி சென்னை மாநிலத்தின் கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. இன்றும் ஹனூரைச் சுற்றியுள்ள பல கிராமங்களில் வீட்டில் தமிழ், கடையில் கன்னடம் என்று மக்கள் பேசுகிறார்கள்.

இது மானாவாரிப் பூமி. ராகி உண்டு. மக்காச்சோளம் உண்டு. தண்ணீர் வசதி உள்ளவர்கள் மஞ்சளும் கரும்பும் போடுகிறார்கள். கொள்ளேகால் பட்டுக்குப் பேர் போன ஊர் என்பதால், முசுக்கொட்டைத் தோட்டம் வைத்துப் பட்டுப்புழு வளர்க்கிறவர்களும் உண்டு.

பயிர் இருக்கும் வீட்டில் பூச்சிமருந்தும் இருக்கும். அது எங்கே இருக்கும்? தோட்டத்தில் வைத்தால் திருட்டுப் போய்விடும். மழையில் நனைந்துவிடும். விலை கொடுத்து வாங்கியது அல்லவா? அதனால் வீட்டுக்குள் வந்துவிடுகிறது. பரணில் ஏறுகிறது. மாடத்தில் உட்காருகிறது. சில வீடுகளில் ராகி மூட்டைக்குப் பின்னால் மறைத்து வைக்கிறார்கள். குழந்தை கையில் படக்கூடாது என்ற நல்ல எண்ணம்தான். ஆனால் ராகி மூட்டையும் பூச்சிமருந்தும் ஒரே மூலையில் இருந்தால் என்ன ஆகும்?

அப்படி ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். இது எந்த ஊரிலும் இருக்கக்கூடிய வீடு. பரணில் எலி ஓடுகிறது. பூனை துரத்துகிறது. பாதி மருந்து உள்ள கண்ணாடி பாட்டில் சரிகிறது. விழுகிறது. உடைகிறது. தரையெல்லாம் மருந்து. மூட்டையின் ஓரத்திலும் மருந்து. குப்பென்று வாடை கிளம்புகிறது.

“ஐயையோ, தண்ணிய ஊத்து புள்ள, சீக்கிரம்!” என்று மாமியார் கத்துகிறார்.

“இருங்கத்தே, துணி எடுத்தாரேன்” என்று மருமகள் ஓடுகிறாள்.

ஒரு குடம் தண்ணீர் தரையில் விழுகிறது. மருமகள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பழைய சேலைத் துணியால் துடைக்கிறாள். துணியைக் கையால் பிழிகிறாள். வேர்க்கிறது. அதே கையால் நெற்றியைத் துடைத்துக் கொள்கிறாள். மாமியார் விளக்குமாற்றால் தண்ணீரை வாசலுக்குத் தள்ளுகிறார். வாசலில் கோழிகள் மேய்கின்றன. கடைசியில் வாடை போகட்டும் என்று சாணியைக் கரைத்துக் கையாலேயே தரையை மெழுகுகிறார்கள். தரை பளிச்சென்று ஆகிவிட்டது. வேலை முடிந்தது என்று அடுப்பைப் பற்ற வைக்கிறார்கள்.

பால் கொட்டினால் இப்படிச் செய்யலாம். எண்ணெய் கொட்டினாலும் செய்யலாம். பூச்சிமருந்து கொட்டினால் இதில் ஒன்றுகூடச் சரி இல்லை.

மருந்து என்ற பெயர்

பேரே முதல் குழப்பம். காய்ச்சலுக்குச் சாப்பிடுவதும் மருந்து. பயிருக்கு அடிப்பதும் மருந்து. கன்னடத்திலும் இப்படித்தான் சொல்கிறார்கள். ஆனால் பயிருக்கு அடிப்பது விஷம். பூச்சியைக் கொல்வதற்காகவே செய்த விஷம். மனிதனை அது தெரிந்து விட்டுவிடுவது இல்லை.

“எத்தனை வருஷமாக மருந்து அடிக்கிறேன், எனக்கு என்ன ஆயிற்று?” என்று கேட்கிறவர்கள் உண்டு. அவர்களுக்கு ஒரு சிறு கணக்கு. தெளிக்கும்போது ஒரு லிட்டர் தண்ணீரில் 2 மில்லி மருந்து கலக்கிறார்கள் என்று வைத்துக் கொள்வோம். ஒரு லிட்டர் என்பது 1000 மில்லி. 1000-ஐ 2-ஆல் வகுத்தால் 500. அதாவது, டேங்கில் இருப்பதைவிடப் பாட்டிலில் இருப்பது 500 மடங்கு கெட்டி. வயலில் மேலே படுவது சாரல். வீட்டில் கொட்டுவது கலக்காத விஷம். இரண்டும் ஒன்று அல்ல.

பல பூச்சிமருந்துகள் தோல் வழியாகவே உடம்புக்குள் போகும். வாயில் பட வேண்டும் என்பது இல்லை. புண் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. உடம்பு முழுவதும் தோல் ஒரே மாதிரி இருப்பதும் இல்லை. உள்ளங்கைத் தோல் தடிப்பானது. மெதுவாக உறிஞ்சும். நெற்றி, கழுத்து, அக்குள், தொடையிடுக்கு ஆகிய இடங்கள் வேகமாக உறிஞ்சும். மருமகள் மருந்துக் கையால் நெற்றியைத் துடைத்தாளே, அங்கேதான் கூடுதல் ஆபத்து.

தண்ணீர் ஊற்றினால் என்ன தவறு? மருந்து கழுவிப் போய்விடாதா? போகாது. பரவும். ஒரு முழம் இருந்தது ஒரு அறை முழுக்க ஆகும். சுவரின் அடிக்குப் போகும். மூட்டையின் அடிக்குப் போகும். சிமெண்டுத் தரையாக இருந்தால் வெடிப்பில் இறங்கும். மண் தரையாக இருந்தால் தண்ணீரோடு சேர்ந்து ஆழத்துக்குப் போகும். வாசலுக்குத் தள்ளிய தண்ணீரில் கோழி கொத்தும். அது சாக்கடை வழியாகக் குட்டைக்குப் போனால் மீன் சாகும். கிணறு பக்கத்தில் இருந்தால் இன்னும் மோசம்.

சாணி மெழுகுவது விஷத்தை முறிக்காது. வாடையை மறைக்கும், அவ்வளவுதான். அதற்காக இரண்டு கைகளும் மருந்தில் முழுகுகின்றன. வீட்டில் எது கொட்டினாலும் துடைப்பது பெண்களின் கை என்றாகிவிட்டது. வாங்கி வந்தவர் வேறு. பரணில் வைத்தவர் வேறு. தோட்டத்துக்கு மருந்து அடிக்கப் போகிறவரிடம் கையுறை இருந்தாலும் இருக்கும். துடைக்கிறவளிடம் இருக்காது.

எப்படிச் சுத்தம் செய்வது?

முதலில் ஆட்களைக் கவனிக்க வேண்டும். தரை அப்புறம். குழந்தைகளையும் ஆடு மாடு கோழியையும் தூரமாக விரட்ட வேண்டும். பிள்ளைத்தாய்ச்சியும் பால் கொடுக்கும் தாயும் அந்தப் பக்கம் வரக்கூடாது. கதவு, சன்னல் எல்லாம் திறக்க வேண்டும். அடுப்பு எரிந்தால் வெளியே நிற்கும் ஒருவர் உடனே அணைக்க வேண்டும். பீடி கூடாது. சில மருந்துகளின் பெயருக்குப் பக்கத்தில் “ஈ.சி.” என்று இரண்டு எழுத்து இருக்கும். அவற்றில் பெரும்பாலும் மண்ணெண்ணெய் போன்ற ஒரு திரவம் கலந்திருக்கும். அது தீப்பிடிக்கும்.

யார் மேலாவது மருந்து பட்டிருந்தால், நனைந்த துணியை உடனே கழற்ற வேண்டும். வெட்கப்பட்டுக் காத்திருக்கக் கூடாது. ஒரு போர்வையைப் போர்த்திக் கொண்டு கழற்றலாம். பட்ட இடத்தில் சோப்புப் போட்டு நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும். நகக்கண்ணையும் தலைமுடியையும் மறக்கக் கூடாது. கண்ணில் பட்டால் கால் மணி நேரம் சுத்தமான தண்ணீரை மெல்ல ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். கவனியுங்கள்: உடம்புக்குத் தண்ணீர் நல்லது. தரைக்குத்தான் தண்ணீர் ஆகாது.

இனி தரை. ஒருவர் மட்டும் இறங்கினால் போதும். கையுறை இல்லையா? ஓட்டை இல்லாத பிளாஸ்டிக் பைகளை ஒரு கைக்கு இரண்டாக மாட்டி மணிக்கட்டில் கட்டிக் கொள்ளலாம். காலில் ரப்பர் செருப்பு வேண்டும். தோல் செருப்பு மருந்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்ளலாம். ஆனால் துணி நச்சுக் காற்றைத் தடுத்து நிறுத்தாது. தலை சுற்றினாலோ குமட்டினாலோ உடனே வெளியே வந்துவிட வேண்டும்.

காய்ந்த மண், மணல், சாம்பல் இவற்றில் ஏதாவது ஒன்று வேண்டும். சாம்பலாக இருந்தால் நன்றாக ஆறின சாம்பல். உள்ளே ஒரு கங்கு இருந்தாலும் தீப்பிடிக்கலாம். வயலுக்கு வரப்புக் கட்டுவது போல, கொட்டிய மருந்தைச் சுற்றி முதலில் மண்ணால் ஒரு வளையம் போட வேண்டும். மருந்து ஓடாமல் நிற்கும். பிறகு நடுவில் மண்ணைத் தூவி மூட வேண்டும். மண் ஈரத்தைக் குடிக்கும். குடிக்கட்டும். அவசரம் வேண்டாம்.

மண் ஊறிய பிறகு ஒரு அட்டையாலோ தகரத்தாலோ அதை வழித்து எடுக்க வேண்டும். கண்ணாடிச் சில்லு இருக்கும், கையால் அள்ளக் கூடாது. வழித்ததைக் கெட்டியான பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்ட வேண்டும். மறுபடியும் மண் தூவ வேண்டும். மறுபடியும் வழிக்க வேண்டும். தரை காய்ந்ததாகத் தெரியும் வரை இப்படியே செய்ய வேண்டும். கொட்டியது தூள் மருந்தாக இருந்தால், காய்ந்த விளக்குமாற்றால் பெருக்கினால் தூள் பறக்கும். லேசாக ஈரமான மண்ணை அதன் மேல் மூடி, பிறகு வழிக்கலாம்.

இதற்குப் பிறகுதான் சோப்புத் தண்ணீர். அதுவும் குடம் குடமாக அல்ல. ஒரு துணியைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து, தரையைத் தேய்க்க வேண்டும். பிளாஸ்டிக் பை மாட்டிய கையாலும் துணியைப் பிழிய வேண்டாம். அப்படியே பைக்குள் போட வேண்டும். மிஞ்சிய ஈரத்தை மண் தூவி எடுத்துவிட வேண்டும். இரண்டு மூன்று முறை செய்தால் நல்லது. வாடை போகட்டும் என்று பிளீச்சிங் பவுடரையும் ஆசிட்டையும் சேர்த்துக் கொட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அது இரண்டாவது விபத்து. இரண்டும் சேர்ந்தால் குளோரின் என்ற நச்சு வாயு கிளம்பும்.

மண் தரை உள்ள வீட்டில் வேலை வேறு மாதிரி. சோப்புத் தண்ணீர் அங்கே உதவாது. மருந்து ஊறிய இடத்தை மண்வெட்டியால் நான்கு விரல் ஆழம் கொத்தி எடுக்க வேண்டும். ஈரமும் வாடையும் இன்னும் கீழே இருந்தால் இன்னும் கொத்த வேண்டும். எடுத்த இடத்தில் புதுமண் போட்டுக் கெட்டிக்க வேண்டும். அதன்மேல் சாணி மெழுகினால் யாருக்கும் கெடுதல் இல்லை.

எடுத்த மண், துணி, சில்லு, நனைந்த அட்டை எல்லாவற்றையும் என்ன செய்வது? எரிக்கக் கூடாது. புகையிலும் விஷம் உண்டு. குப்பைமேட்டில் போடக் கூடாது. மாடு நக்கும். பிள்ளைகள் பொறுக்கும். கிணறு, ஓடை, வாய்க்கால் இவற்றுக்கு எட்டாத இடத்தில், பயிர் செய்யாத மூலையில், அரை மீட்டருக்குக் குறையாமல் குழி தோண்டிப் புதைக்க வேண்டும். பயன்படுத்திய விளக்குமாறும் அங்கேதான் போக வேண்டும். பாதி தேய்ந்த விளக்குமாறுதானே, மாட்டுக் கொட்டகைக்கு ஆகும் என்று எடுத்து வைக்கிற வழக்கம் இருக்கிறது. வேண்டாம்.

வேலை செய்தவர் சோப்புப் போட்டுக் குளிக்க வேண்டும். அவர் துணியை மற்றவர் துணியோடு சேர்த்துத் துவைக்கக் கூடாது. சாரல் பட்ட துணி என்றால் இரண்டு முறை சோப்புப் போட்டுத் துவைத்து வெயிலில் போடலாம். கெட்டி மருந்தில் நனைந்த துணி என்றால் அது திரும்ப உடுத்தத் தகுந்தது அல்ல. புதுச் சேலையாக இருந்தாலும்தான்.

ராகி மூட்டை

இதுவரை சொன்னதைச் செய்ய மண்ணும் சோப்பும் போதும். அடுத்தது கடினம். மூட்டையின் ஓரம் நனைந்துவிட்டதே, அந்த ராகியை என்ன செய்வது?

ஒரு மூட்டை ராகி என்பது ஒரு குடும்பத்துக்குப் பல வாரக் களி. அதைக் கொட்டு என்று சொல்வது எளிது. வீட்டுக்காரருக்கு மனசு வராது. “ஓரம்தானே நனைந்தது, அந்த ஒரு படியை எடுத்துவிட்டால் போதாதா?” என்று தோன்றும். “கழுவிக் காயவைத்தால் சரியாகிவிடும்” என்று ஒருவர் சொல்வார். “நாம் சாப்பிட வேண்டாம், கோழிக்குப் போடலாம்” என்று இன்னொருவர் சொல்வார். “சந்தையில் தள்ளிவிடலாம்” என்று சொல்கிறவரும் இருப்பார்.

இந்தத் தவறு எவ்வளவு பெரிதாகும் என்பதைக் கேரளம் 1958-இல் கண்டது. அந்த ஆண்டு கப்பலில் கோதுமை மாவு மூட்டைகள் வந்தன. அதே கப்பலில் பாரத்தியான் என்ற பூச்சிமருந்தும் வந்தது. ஃபாலிடால் என்ற பெயரில் விற்ற மருந்து அது. வழியில் மருந்து கசிந்து மூட்டைகளில் இறங்கியது. மூட்டைகள் ஊர்களுக்குப் போயின. மாவு மாவாகத்தான் இருந்தது. மக்கள் சமைத்துச் சாப்பிட்டார்கள். நூறு பேருக்கு மேல் இறந்து போனார்கள். இந்தச் சாவுகளுக்குப் பிறகுதான் பூச்சிமருந்துக்கு நாடு முழுவதற்கும் ஒரு சட்டம் வேண்டும் என்ற பேச்சு வலுத்தது. 1968-இல் பூச்சிக்கொல்லிச் சட்டம் வந்தது. பத்து வருடம் ஆயிற்று.

கப்பலில் நடந்தது பெரிய அளவில் நடந்தது. பரணுக்குக் கீழே நடப்பது சிறிய அளவில் நடக்கிறது. கசிந்தது எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியாது என்பதில் இரண்டும் ஒன்றுதான். சாக்கு நூல் ஈரத்தை உறிஞ்சி மேலே ஏற்றும். தானியம் உருளும்போது நனைந்ததும் நனையாததும் கலந்துவிடும். கழுவினாலும் போகாது. வேகவைத்தால் போய்விடும் என்று நம்பவும் முடியாது. ஆகவே மருந்து பட்ட மூட்டை முழுவதும் போனதுதான். கோழிக்கும் ஆகாது, மாட்டுக்கும் ஆகாது. அதை விற்பது அடுத்த வீட்டுக்கு விஷத்தை அனுப்புவது. சற்றுத் தள்ளி, மருந்து தொடாமல் இருந்த மூட்டைகளைப் பற்றிக் கவலை இல்லை. மூடியிருந்த எவர்சில்வர் பாத்திரத்தின் மேலே தெறித்திருந்தால், மூடியைத் திறக்காமல் வெளிப்புறத்தைச் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவிவிடலாம்.

பட்டுப்புழு வளர்க்கும் வீட்டில் இன்னொரு கவலை உண்டு. பட்டுப்புழுவும் ஒரு பூச்சியின் புழுதான். பூச்சியைக் கொல்லும் மருந்து அதையும் கொல்லும். மிகக் கொஞ்சம் போதும். அதே அறையில் பறித்து வைத்த முசுக்கொட்டை இலையைப் புழுவுக்குப் போடக்கூடாது. மருந்தைத் துடைத்தவர் அன்றைக்கு இலை போடும் வேலைக்குப் போகக் கூடாது. ஒரு தட்டுப் புழு சாவதைப் பார்த்தவர்களுக்கு இந்த மருந்தின் வேகத்தை யாரும் விளக்க வேண்டியது இல்லை.

காலி டப்பா

பாட்டில் உடையாமல் கொட்டியிருந்தால் இன்னொரு ஆபத்து காத்திருக்கிறது. காலிப் பாட்டில் அழகாக இருக்கும். மூடி கெட்டியாக இருக்கும். பத்து முறை கழுவினால் எண்ணெய் வைக்கலாம் என்று தோன்றும்.

2013 ஜூலை 16 அன்று பீகாரில் சாரண் மாவட்டத்தில் கண்டாமன் கிராமத்துப் பள்ளியில் மதிய உணவு போட்டார்கள். அதைச் சாப்பிட்ட குழந்தைகளில் 23 பேர் இறந்தார்கள். உணவைச் சோதித்தார்கள். எண்ணெய்ப் பாத்திரத்தையும் சோதித்தார்கள். மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிமருந்து இருந்தது. சமையல் எண்ணெயும் பூச்சிமருந்தும் ஒன்றாய்ச் சேர்ந்ததன் விளைவு அது.

அதே மருந்தின் பெயரை ஹனூர்ப் பக்கத்து மக்கள் மறக்க மாட்டார்கள். 2018 டிசம்பர் 14 அன்று ஹனூர் தாலுக்காவில் சுளவாடி கிராமத்து மாரம்மன் கோயிலில் பிரசாதமாகத் தக்காளி சாதம் கொடுத்தார்கள். சாப்பிட்டவர்கள் வாந்தி எடுத்தார்கள், சுருண்டு விழுந்தார்கள். 15 பேருக்கு மேல் இறந்தார்கள். நூற்றுக்கும் அதிகமானவர்கள் கொள்ளேகாலிலும் மைசூரிலும் மருத்துவமனைகளில் கிடந்தார்கள். சாதத்தில் மோனோகுரோட்டோபாஸ் கலந்திருந்தது. அது தவறிக் கொட்டியது அல்ல, வேண்டுமென்றே கலந்தது என்று காவல்துறை வழக்குப் போட்டது. அது வேறு கதை. ஆனால் சாதத்தில் ஏதோ வாடை அடித்தது என்று சாப்பிட்டவர்கள் சிலர் பின்னால் சொன்னார்கள். பிரசாதம் ஆயிற்றே, கீழே போட முடியுமா என்று தயங்கிச் சாப்பிட்டவர்கள் இருந்திருப்பார்கள். உணவில் மருந்து வாடை அடித்தால், அது யார் கொடுத்த உணவாக இருந்தாலும், வைத்துவிட வேண்டியதுதான்.

ஆள் விழுந்தால்

மோனோகுரோட்டோபாஸ், பாரத்தியான் போன்ற மருந்துகள் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. இவை உடம்பில் என்ன செய்கின்றன? கையை நீட்டு, மடக்கு என்று நரம்பு தசைக்குச் செய்தி அனுப்புகிறது. ஒரு ரசாயனப் பொருள் அந்தச் செய்தியைக் கொண்டு போகிறது. செய்தி சேர்ந்ததும் அந்தப் பொருளை அழிக்க உடம்பில் ஒரு ஏற்பாடு இருக்கிறது. பூச்சிமருந்து அந்த ஏற்பாட்டைக் கட்டிப் போட்டுவிடுகிறது. செய்தி நிற்காமல் போய்க்கொண்டே இருக்கிறது. குழாயைத் திறந்துவிட்டு மூட முடியாமல் போன மாதிரி ஆகிவிடுகிறது.

அதனால் வாயில் எச்சில் வடியும். கண்ணீர் வடியும். வேர்த்துக் கொட்டும். வாந்தி, பேதி வரும். தன்னை அறியாமல் சிறுநீர் போகும். தசை துடிக்கும். கண்ணின் கருமணி கடுகு போலச் சுருங்கும். மார்பில் சளி நிறைந்து மூச்சுத் திணறும். உயிர் போவது பெரும்பாலும் மூச்சு நின்றுதான். வாய் வழியாகப் போனால் சில நிமிடங்களிலேயே தொடங்கலாம். தோல் வழியாகப் போனால் பல மணி நேரம் கழித்துத் தெரியலாம். காலையில் துடைத்தவருக்கு மாலையில் தலை வலித்து வாந்தி வந்தால், வெயில் என்றும் பித்தம் என்றும் நினைத்துப் படுக்க வைத்துவிடக் கூடாது.

உப்புத் தண்ணீர், புளித் தண்ணீர், சாணித் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கிற பழக்கம் இருக்கிறது. அது கெடுதல். வாந்தி மூச்சுக் குழாய்க்குள் போனால் நுரையீரல் கெடும். நினைவு இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. அவரை இடது பக்கமாகச் சாய்த்துப் படுக்க வைக்க வேண்டும். மருந்துத் துணியைக் கழற்றி, உடம்பைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். கழுவுகிறவரும் கையைக் காத்துக்கொள்ள வேண்டும். உடனே 108-க்குப் போன் செய்ய வேண்டும். கர்நாடகத்திலும் தமிழ்நாட்டிலும் அதே எண்தான்.

இந்த விஷத்துக்கு மாற்று மருந்து இருக்கிறது. அட்ரோப்பின் என்று பெயர். ஊசியில் போடுவார்கள். நேரத்தோடு போட்டால் பலர் பிழைக்கிறார்கள். ஆனால் எந்த விஷம் என்று மருத்துவருக்குத் தெரிய வேண்டும். எல்லாப் பூச்சிமருந்துக்கும் ஒரே மாற்று மருந்து இல்லை. ஆகவே பாட்டிலையோ, கிழிந்த லேபிளையோ ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கூடவே எடுத்துப் போக வேண்டும். கடைக்காரர் பெரிய டப்பாவிலிருந்து பிராந்தி பாட்டிலிலோ குளிர்பான பாட்டிலிலோ ஊற்றிக் கொடுத்த மருந்து என்றால் லேபிளே இருக்காது. மருத்துவர் இருட்டில் தேட வேண்டியதுதான். அப்படி வாங்கவே கூடாது. புது தில்லியில் எய்ம்ஸ் மருத்துவமனையில் தேசிய விஷத் தகவல் மையம் இருக்கிறது. 1800 116 117 என்ற எண்ணுக்குக் கட்டணம் இல்லாமல் பேசிக் கேட்கலாம்.

லேபிளில் எழுத்து தெரியாத மொழியில் இருக்கலாம். ஹனூர்ப் பக்கம் இது நடக்கிற சங்கதிதான். தமிழ் படிக்கத் தெரிந்தவர் வீட்டில் கன்னட லேபிள், கன்னடம் படித்தவர் வீட்டில் தமிழ் லேபிள். ஆனால் எல்லா டப்பாவிலும் ஒரு கட்டம் இருக்கும். பட்டம் போல முனையில் நிற்கும் சதுரம். அது நடுவில் இரண்டாகப் பிரிந்திருக்கும். கீழ்ப் பாதியில் நிறம் இருக்கும். சிவப்பு என்றால் மிகக் கொடிய விஷம். மேல் பாதியில் மண்டை ஓடும் எலும்பும் இருக்கும். மஞ்சள் அதற்கு அடுத்தது. நீலம் அதற்கும் அடுத்தது. பச்சை என்றால் விஷம் குறைவு. விஷமே இல்லை என்று பொருள் அல்ல. சிக்னலில் பச்சை என்றால் போகலாம் என்று பழகிய கண்ணுக்கு இது ஏமாற்றம்தான்.

மோனோகுரோட்டோபாஸ் சிவப்புக் கட்டத்து மருந்து. காய்கறிப் பயிருக்கு அதை அடிக்கக் கூடாது என்று 2005-லேயே தடை வந்துவிட்டது. பரவலாக விற்ற 36 சதவீத மருந்தையும் நிறுத்தச் சொல்லி 2023-இல் மத்திய அரசு உத்தரவு போட்டது. கடையில் இருந்த சரக்கைத் தீர்க்க அவகாசம் கொடுத்தார்கள். வீட்டுப் பரணில் இருக்கும் பழைய பாட்டிலுக்கு எந்த அவகாசமும் யாரும் சொல்லவில்லை. அது பாதி நிறைந்தபடி எலிக்கும் பூனைக்கும் நடுவே நிற்கிறது.

அதை இறக்க ஒரு பகல் வேளை போதும். கையில் பிளாஸ்டிக் பை மாட்டிக் கொண்டு மெல்ல இறக்க வேண்டும். சமையலறைக்கும் தானியத்துக்கும் சம்பந்தம் இல்லாத இடத்தில், மாட்டுத் தீவனமும் இல்லாத இடத்தில், பூட்டுள்ள ஒரு தகரப் பெட்டியில் வைக்க வேண்டும். பெட்டியின் அடியில் ஒரு பழைய அலுமினியத் தட்டு வைத்து இரண்டு கை மண் பரப்பினால், பாட்டில் கசிந்தாலும் மருந்து வெளியே வராது. காலி பாட்டிலை உடைத்து, குடியிருப்புக்குத் தள்ளிப் புதைக்க வேண்டும் என்று 1971-இல் வந்த விதிகளே சொல்கின்றன. மீதி மருந்து உள்ள பாட்டிலைப் பற்றி ரைத்த சம்பர்க்க கேந்திரத்தில், அதாவது அரசு விவசாய அலுவலகத்தில் கேட்கலாம். பெட்டியின் சாவியை மருந்து அடிக்கப் போகிறவரே வைத்துக் கொள்ளட்டும். மூடியில் ஒரு வெள்ளைத் தாளை ஒட்டி, வீட்டில் எல்லோரும் படிக்கும்படி தமிழிலும் கன்னடத்திலும் “விஷம்” என்று பெரிய எழுத்தில் எழுதலாம். எழுதக் கற்ற பிள்ளைக்கு அது ஐந்து நிமிட வேலை.